கேட்டுல நிக்கிற ஒறம்பரை

நடந்ததை நடந்தபடி சொல்றனுங்க, நம்பறதும் நம்பாததும் உங்க பாடு. திருப்பூர்ல இருந்து பல்லடம் போற ரோட்டுல, பனியன் கம்பெனிகளுக்குப் பின்னால, எதிரும் புதிருமா அஞ்சஞ்சு ஊடாப் பத்து லைன் ஊடு, நடுவுல ரெண்டு பேர் ஒரசிக்காம நடக்க முடியாத ஒரு சந்து, ஒரு தண்ணித்தொட்டி, ஒரு மோட்டாரு, எல்லாத்துக்கும் சேத்து ஒரே ஒரு இரும்புக் கேட்டு, அந்தக் கேட்டை ஒட்டின மொதல் ஊடு என்னுது. என்ற பேரு தெய்வாத்தா, செக்கிங் டேபிள்ல பதினெட்டு வருசம் நின்னு நின்னே ரெண்டு முழங்காலையும் தொலைச்சவ, ஊட்டுக்காரரு போய்ச் சேந்து ஆறு வருசமாச்சு, ஒத்தை மகன் பஹ்ரைன்ல. மோட்டார் சுவிச்சு என்ற ஊட்டுல இருக்கறதால, பத்து ஊட்டுக்கும் பொதுவா நெட்டு லைன் எடுத்தப்ப அதோட பொட்டியவும் என்ற செவுத்துலயே அடிச்சாங்க, அது பச்சையும் செகப்புமாக் கண்ணைச் சிமிட்டிக்கிட்டு இருக்கும், நானும் மகனைப் போன்ல பாத்துக்கலாம்னு சந்தோசமாத்தான் இருந்தேன்.

பங்குனி மாசம் ஒரு செவ்வாக்கெழம காலையில பத்து மணி இருக்கும், கால் வலின்னு வேலைக்குப் போகாம வாசல் கூட்டிக்கிட்டு இருக்கறேன், கேட்டுக்கிட்ட ஒருத்தர் நிக்கறாரு, வெள்ளைச் சட்டை, வயசு முப்பதுன்னும் சொல்லலாம் அறுபதுன்னும் சொல்லலாம், ரோடெல்லாம் செம்மண்ணு, அவரு செருப்புல மட்டும் ஒரு தூசி இல்ல. எங்க பக்கம் ஒரு வழக்கமுங்க, வந்தவிய ஆரா இருந்தாலும் மொதல்ல "வாங்க"ன்னு கேட்டுரோணும், அதுக்கப்புறந்தான் ஆரு என்னன்னு விசாரிக்கோணும். ஒரு கல்யாண ஊட்டுல "வாங்க"ன்னு ஒரு வார்த்தை கேக்காம உட்டதுக்கு இருபது வருசம் மொகம் பாக்காமப் போன பங்காளிகளை எனக்குத் தெரியும். அதனால நானும் கேட்டைத் தெறந்து, "வாங்க வாங்க, உள்ள வாங்க"ன்னேன்.

அவரு உள்ள வந்தாரு, முன்னால இருக்கற ஆசாரத்தைத் தாண்டி நேரா சமையக்கட்டுக்குப் போய் அடுப்புக்குப் பக்கத்துல நின்னாரு, வாயைத் தெறந்தாரு, "முழங்கால் வலிக்கு எந்த எண்ணெய் நல்லது"ன்னு கேட்டாரு. கேட்டது என்ற கொரல்லங்க! முந்தின நாள் பொழுதோட, வெளக்கு வெக்கற நேரத்துல, நான் போன்ல என்ன வார்த்தை சொல்லித் தேடினனோ அதே வார்த்தை, நடுவுல நான் இருமுன இருமல் உட்பட. எனக்கு மயிர்க்கால் எல்லாம் குத்திட்டு நின்னுபோச்சு, ஆனா வந்தவருக்குத் தண்ணி குடுக்காம இருக்க முடியுங்களா, ஒரு டம்ளர் குடுத்தேன், வாங்கினாரு, சித்த நேரம் புடிச்சிருந்தாரு, திருப்பிக் குடுத்தாரு. ஒரு சொட்டுக் குறையல, ஆனா டம்ளரு கையில புடிக்க முடியாத சூடா இருந்துச்சு.

அன்னிக்கு ஒருத்தர், அடுத்த நாள் ஏழு பேரு, சித்திரை பொறக்கறதுக்குள்ள சந்து நெறைய ஆளு. எந்த ஊட்டுக்காரங்க போன்ல எதைத் தேடுனாலும், எங்க போயிட்டு வந்தாலும், போன எடத்துல இருந்து ஒருத்தர் திரும்பி வந்து நின்னாரு, தேடுனவிய கொரல்லயே தேடுனதைச் சொன்னாரு. மூணாம் நம்பர் ரங்கநாயகி, குடிக்கற புருசனுக்குத் தெரியாமச் சோத்துல கலக்கற மருந்தைத் தேடியிருக்கறா போல, அவளுக்கு வந்த ஒறம்பரை தண்ணி புடிக்கற நேரம் பாத்து, பத்து ஊட்டுப் பொம்பளையும் கொடத்தோட நிக்கறப்ப, அவ கொரல்ல அதைச் சொல்லிருச்சு, அவ புருசனும் அங்கதான் பல்லு வெளக்கிக்கிட்டு இருந்தான். ஒம்பதாம் நம்பர் பேச்சிலர் பசங்களுக்கு வந்த ஒறம்பரை என்ன சொல்லுச்சுன்னு நான் சொல்ல மாட்டேன், என்னையக் கேக்காதீங்க.

ஒறம்பரைங்கறது நாங்க வெச்ச பேருங்க. ஊட்டுக்கு வர்ற சொந்தபந்தத்தை எங்க பக்கம் அப்படித்தான் சொல்லுவோம். மொத வாரம் பயந்தோம், ரெண்டாவது வாரம் கோயில்ல மந்திரிச்சுக் கயிறு கட்டினோம், மூணாவது வாரம் அவிய நிக்கற எடத்துல ஈரத்துணி காயப்போட எடமில்லையேன்னு சலிச்சுக்கிட்டோம், நாலாவது வாரம் அவிய தோள்லயே காயப்போட்டோம். மாவு விக்கறவன் கேட்டுக்கு வெளிய அவியளைச் சுத்திக்கிட்டு வண்டியத் தள்ளிக்கிட்டுப் போனான், புள்ளைங்க அவிய காலுக்கு நடுவுல பூந்து தொட்டு வெளையாடுச்சுங்க, மொகத்தைப் பாத்துக்கிட்டே இருந்தா மொகம் இருக்கும், திரும்புனா ஒரு மூக்கு கூட ஞாபகத்துக்கு வராது. ஆடி நோம்பிக்கு மனசு கேக்காம ஒரு இலை போட்டு வெச்சோம், சோறு வெச்சது வெச்சபடி இருந்துச்சு, பொறவு எடுத்து வாயில வெச்சா உப்பு மட்டும் இல்ல. ஊர்ல மத்த எடத்துலயும் இப்படித்தான்னு கம்பெனியில பேசிக்கிட்டாங்க, அப்புறம் அதைப் பேசறதையும் உட்டுட்டாங்க, எதுக்குத்தான் நாம பழகல.

நெட்டு லைன் இழுக்கற குப்புராசு ஒரு நாள் ஏணியில ஏறி ஒயரு முறுக்கிக்கிட்டு இருந்தான், நான் கீழ நின்னு அவனை ஒரு புடி புடிச்சேன். "ஏன்டா, நல்லா இருந்த ஊட்டுல பொட்டிய அடிச்சுட்டுப் போயி இப்படிப் பண்ணிட்டியே, இவியளுக்கு எங்க விலாசத்தை ஆருடா குடுத்தது?"

"நீங்கதானுங்க அக்கா"ன்னான். "ஒரு எடத்துக்குக் கடுதாசி போட்டு பதில் வரோணும்னா விலாசம் எழுதித்தான ஆகோணும்? நெட்டுல எதைத் தொட்டாலும் உங்க கேட்டு நம்பர் அங்க போயிருது, அது இல்லாட்டி எதுவும் திரும்பி வராது. உள்ளார போனுக்குப் போன் தனித்தனி நம்பர் இருக்குது, அது வெளிய தெரியாது, வெளிய இருந்து பாக்கறவனுக்குப் பத்து ஊடும் ஒரே நம்பர்தான். அதை வெச்சு எந்த ஊரு, ஆரு குடுத்த லைனுன்னு குத்துமதிப்பாக் கண்டுபுடிக்கலாம், எந்தக் கதவுன்னு கண்டுபுடிக்க முடியாது."

"அப்புறம் எப்படிடா என்ற அடுப்புக்கிட்ட வந்து நிக்கறாங்க?"

"நீங்க வாங்கன்னு சொன்னீங்களா இல்லியா? பேரு கேட்டாக் குடுக்கறீங்க, போட்டோ கேட்டாக் குடுக்கறீங்க, நீங்க இருக்கற எடத்தைப் பாத்துக்கட்டுமான்னு கேட்டாப் படிக்காமலே சரின்னு அமுத்தறீங்க, அதெல்லாம் வாங்கன்னு சொல்றதுதானுங்க. கேட்டு தானாத் தெரியும், கதவைக் காட்டறது நாமதான்."

அப்பத்தான் பாத்தேன், ஈரத்துணி பக்கெட்டோட தவமணி அங்க நின்னு கேட்டுக்கிட்டு இருந்தா. ஏழாம் நம்பர் ஊடு, தேனிப் பக்கத்துக்காரி, மூணு வருசத்துக்கு முன்னால ஒரு பையும் கைப்புள்ளையாட்டம் ஒட்டிக்கிட்டு ஒரு பொண்ணுமா வந்தவ, நம்ம கம்பெனியிலயே அயர்ன் டேபிள்ல நிக்கறா. காதுல இருந்து தாடை வரைக்கும் ஒரு வெட்டுத் தழும்பு இருக்கும், அதைப் பத்தி ஆரும் கேட்டதில்ல. சந்துல ஆரு ஊட்டு விசேசத்துக்கும் வருவா, பாத்திரம் கழுவுவா, போட்டோவுல மட்டும் நிக்க மாட்டா, சீருக்கு அடிச்ச பிளக்ஸ்ல பத்து ஊட்டு மொகமும் இருக்கும், அவ மொகமும் புள்ள மொகமும் இருக்காது.

"அப்ப கேட்டு வரைக்கும் யாரு வேணும்னாலும் வந்துரலாமாக்கா?"ன்னு கேட்டா. அவ மூஞ்சியில ரத்தமே இல்லீங்க.

அன்னிக்குத்தான் என்ற ஊட்டு ஆசாரத்துல உக்காந்து எல்லாத்தையும் சொன்னா. புருசன் பேரு ராசபாண்டி. தழும்பு அவன் வெச்சது, அருவாமனையில. புள்ளைய ஒரு நாள் கெணத்து மேட்டுல தூக்கிப் புடிச்சுக்கிட்டு, "நீ எங்க ஓடுனாலும் வாசல்ல வந்து நிப்பேன்டி, அன்னிக்கு ரெண்டு பேரையும் சேத்து முடிச்சுருவேன்"னு சொன்னானாம், அதைச் சொன்ன அடுத்த வெள்ளிக்கெழம இவ பஸ் ஏறிட்டா. "அவன் சொன்னாச் செய்வான்க்கா. வெலாசம் தெரியாததுனாலதேன் நானும் எம்மகளும் மூச்சு விட்டுக்கிட்டு இருக்கோம்"னா.

அவ ஊட்டுக்கு மட்டும் ஒறம்பரை வந்ததே இல்ல. புள்ள மகிழி போன்ல பாடம் படிக்கும், ஆனா பேரு குடுக்காம, படம் குடுக்காம, எதைக் கேட்டாலும் வேண்டாம்னு அமுத்தித்தான் தவமணி போனைக் குடுப்பா. அதனால அந்தப் புள்ளையத் தேடி வர்றவிய கேட்டு வரைக்கும் வந்து, எந்தக் கதவுன்னு தெரியாம அங்கியே நிப்பாங்க, மீசை வெச்ச ஆம்பளை வாயில இருந்து சின்னப்புள்ள கொரல் வரும், "எட்டெட்டு அறுவத்தி நாலு, எட்டொம்போது எழுவத்திரெண்டு"ன்னு. அதைக் கேக்கறப்ப எல்லாம் தவமணி கதவைச் சாத்திக்கிட்டு அழுவா. நான் அவ கையப் புடிச்சுச் சொன்னேன், "அம்மிணி, வெசனப்படாத, இந்தக் கேட்டைத் தாண்டி உன்ற கதவுக்கு எவனும் வர மாட்டான், கேட்டு என்ற ஊட்டு ஓரத்துல இருக்குது, நான் பாத்துக்கறேன்." அப்படிச் சொன்ன வாய்ங்க இது.

அப்புறம் பத்து ஊடும் கூடிப் பேசி, இனி ஆரும் ஒறம்பரைக்கு "வாங்க" சொல்லக் கூடாதுன்னு ஒரு கட்டு வெச்சோம். எங்களுக்கு இதை விடக் கஷ்டம் ஒண்ணு இல்லீங்க. ஒரு ஆளு வாசல்ல நிக்கறப்ப மொகத்தைத் திருப்பிக்கிட்டு உள்ள போறதுக்கு, பழகப் பழக நெஞ்சு வலிக்கும், ரங்கநாயகி அதையே பழகி, ஒரு நாள் பொறந்த ஊட்டுல இருந்து மெய்யாலுமே வந்த கூடப் பொறந்த அண்ணனைப் பாத்து மொகத்தைத் திருப்பிக்கிட்டா, அவரு கொண்டாந்த தேங்காய் பழத்தைக் கேட்டுலயே வெச்சுட்டுப் போனவரு போனவருதான். குப்புராசு சொன்னபடி மத்தியானத்துல பொட்டிய அணைச்சு வெச்சுப் போட்டோம், திரும்பப் போட்டா சில நாளு நம்பர் மாறியிருக்கும், கேட்டுல நிக்கறவிய பஸ்ஸை உட்டவங்களாட்டம் சுத்திமுத்தி பாத்துட்டுக் கலைஞ்சு போவாங்க. ஆனா நாலு நாள்ல திரும்பி வந்துருவாங்க, ஏன்னா நாங்க அதே பேர்ல, அதே போட்டோவுலதான மறுபடியும் போறோம்.

அஞ்சாம் நம்பர் பழனியப்பன் மட்டும், வேற ஊரு கேட்டு வழியாப் போயிட்டு வர்ற மாதிரி சுரங்கம் ஒண்ணை ஓசியிலயே போன்ல ஏத்திக்கிட்டான், அவனுக்கு வர்ற ஒறம்பரை எல்லாம் எந்தச் சீமையிலயோ எவன் ஊட்டு வாசல்லயோ போய் நின்னுச்சு, இவன் மீசைய முறுக்கிக்கிட்டுத் திரிஞ்சான். ஒரே மாசந்தான். ஒரு நாள் காலையில அவன் கட்டில்ல ஒரு ஆளு உக்காந்திருந்துச்சு, காலையில இருந்து பொழுது சாயற வரைக்கும் பழனியப்பன் பண்ணுனது அத்தனையும் ஒண்ணு உடாம அவன் கொரல்லயே ஒப்பிச்சுச்சு. குப்புராசுகிட்டக் கேட்டா, "சொரங்கம் வெட்டறதுல நல்லவனும் இருக்கறான், விசாரிச்சுப் போகோணும். ஓசியில வெட்டிக் குடுக்கறவன் சொரங்க வாயிலதான அக்கா உக்காந்து பாப்பான்"னுட்டு அவன் பாட்டுக்கு ஏணியத் தூக்கிக்கிட்டுப் போயிட்டான்.

ஏற்கெனவே உள்ள வந்தவிய போகலீங்க, அதையுஞ் சொல்லிப் போடறேன். "வாங்க"ங்கறதுக்கு ஒரு வார்த்தை போதும், "போங்க"ன்னு நூறு தடவை சொன்னாலும் அவிய காதுல ஏறாது. என்ற சமையக்கட்டுல நாலு பேரு அப்படியே தங்கிட்டாங்க, கடைக்குப் போறப்ப போனை மடியில வெச்சா அந்த நாலுல ஒருத்தர் கூடவே வருவாரு. அவியளுக்கு என்னையப் பத்தி எல்லாந் தெரியும், என்னையப் பத்தி மட்டுமில்ல. தவமணிக்குப் போன்ல எதையும் தேடறதுக்கே பயம், பாவம் புள்ளைன்னு நான் அவளுக்காக என்ற போன்ல தேடிக் குடுத்திருக்கறேன், வெட்டுத் தழும்புக்குக் களிம்பு, டிசி இல்லாம மூணாப்புல சேக்கறது எப்படி, புருசனுக்குப் பயந்து வந்தவளுக்கு எங்க ஒத்தாசை கெடைக்கும்னு. அவ பொத்திப் பொத்தி வெச்சதை எல்லாம் நான் பாசத்துல எடுத்துச் சந்தியில வெச்சிருக்கறேன், அது அப்ப என்ற மண்டைக்கு ஏறல.

இனிச் சொல்றதைத்தான் நான் ஆருகிட்டயும் சொன்னதில்ல. ஆவணி மாசம் ஒரு வெள்ளிக்கெழம, தோசைக்கு ஆட்டிக்கிட்டு இருந்தேன், மனசு கேக்கல, அந்த ராசபாண்டிங்கறவன் இன்னும் தேடறானா, வேற கல்யாணங் கில்யாணம் பண்ணித் தொலைச்சானா, தெரிஞ்சா அவகிட்டச் சொல்லி நிம்மதியாத் தூங்க வெக்கலாமேன்னு, பேரையும் ஊரையும் போட்டுத் தேடிட்டேன். வந்துட்டான். வண்டி மேல உக்காந்து ஒரு போட்டோ, கோயில் பிளக்ஸுக்கு முன்னால ஒண்ணு, அப்புறம் ஒரு வயசு மகிழியத் தூக்கி வெச்சு ஒண்ணு, கீழ "என் உயிரே எங்கே இருக்கிறாய்"னு எழுதி, அதுக்கு எரநூறு பேரு அழுது வெச்சிருக்கறாங்க. புள்ளைய அந்தக் கெணத்து மேட்டுல வெச்சுத்தான் படம் எடுத்திருக்கறான். அரை மணி நேரம் பாத்தேன், மாவுக் கை, கட்டைவெரல் வழுக்கி அந்தப் படத்து மேல ஒரு லைக் உழுந்துருச்சு.

உழுந்த வேகத்துல எடுத்துட்டேன். நிமுந்து பாத்தா சமையக்கட்டுல இருந்த நாலு பேரும் ஒண்ணா என்ற பக்கம் தலையத் திருப்பிப் பாத்துக்கிட்டு நிக்கறாங்க. நான் தவமணிகிட்டச் சொல்லியிருக்கோணும். அன்னிக்கே சொல்லியிருந்தா அவளுக்கு ஒம்பது நாள் கெடைச்சிருக்கும். ஒண்ணும் ஆகாதுன்னு என்ற மனசையே ஏமாத்திக்கிட்டு, திட்டுவாளேன்னு பயந்துக்கிட்டு, வாயை மூடிக்கிட்டு இருந்தேன், தூ, என்னையச் சொல்லோணும்.

ஒம்பதாம் நாளு ஞாயித்துக்கெழம, காலையில பதினோரு மணி. கேட்டுல நாப்பது அம்பது பேரு எப்பவும் போல நிக்கறாங்க, அதுல ஒருத்தன், "அம்மா, கொஞ்சம் தண்ணி குடுங்க"ன்னான். வழக்கம் போல டம்ளரை நீட்டுனேன். அண்ணாந்து மடக்கு மடக்குன்னு குடிச்சான், கடைசிச் சொட்டு வரைக்கும், பொறங்கையில வாயைத் தொடைச்சுக்கிட்டான், செருப்பைப் பாத்தேன், அப்பிப் போன புழுதி. இவன் ஒறம்பரை இல்ல, போன்ல பாத்த அந்த ராசபாண்டி.

"இந்தக் கேட்டு வரைக்கும் வந்துட்டேன், இதுக்கு மேலதேன் தெரியல"ன்னு சிரிச்சான். "நீங்கதான அன்னைக்கு நெட்டுல என் பக்கத்துக்கு வந்து எம்மக படத்துக்கு லைக் போட்டுட்டுப் போனது? உங்க பேரு, போட்டோ, ஊரு எல்லாம் அதுலயே இருந்துச்சு. மூஞ்சி பாத்ததுமே தெரிஞ்சிருச்சு. வந்தவுக வீட்டுக்குத் திரும்பி வந்து பாக்கறதுதான மரியாதை?"

நான் மொகத்தைத் திருப்பிக்கிட்டேன்.

"உங்க ஊர்ல வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கக் கூட மாட்டீகளா?"

நாக்கைப் பல்லுக்கு நடுவுல வெச்சுக் கடிச்சுக்கிட்டு நின்னேனுங்க. "நீ தேடற ஆளு இங்க இல்ல, போ"ன்னு சொல்லி முடிக்கல, என்ற சமையக்கட்டுல இருந்த நாலு பேரும் வந்து எனக்குப் பின்னால நின்னாங்க, அதுல ஒருத்தர், என்ற கொரல்ல, நான் எப்படிப் பதனமாப் பேசுவனோ அப்படியே, "ஏழாம் நம்பருங்க, பச்சைக் கதவு. புள்ள பேரு மகிழி, மூணாப்பு"ன்னாரு. நான் ரெண்டு கையாலயும் என்ற வாயைப் பொத்திக்கிட்டேன். வாய் மூடித்தான் இருக்குது, கொரல் வந்துக்கிட்டே இருக்குது, "தழும்புக்குக் களிம்பு போடறா, பாவம், இன்னும் போகல"ன்னு. அவன் பஸ் நம்பர் கேக்கறவனாட்டம் தலையாட்டிக் கேட்டுக்கிட்டு, கேட்டைத் தள்ளி உள்ள பூந்தான்.

தவமணி சந்து கோடியில தொட்டிக்கிட்ட துணி தொவைச்சுக்கிட்டு இருந்தா. நிமுந்தா. அவ அவனைப் பாக்கலீங்க, என்னையப் பாத்தா. ஒரு நொடி இருக்கும். அந்தப் பார்வையச் சொல்ல எனக்கு வாயில்ல.

அதுக்கப்புறம் நடந்ததை ஆரும் ஆருகிட்டயும் சொல்லி வெச்சுச் செய்யல. ரங்கநாயகி ஊட்டுக் கட்டிலு சந்துக்கு வந்துச்சு, மூட்டைப்பூச்சின்னா. பழனியப்பன் பீரோவை நவுத்தறேன்னு குறுக்க போட்டான், ஒம்பதாம் நம்பர் பசங்க வண்டிய உருட்டிக்கிட்டு வந்து நிறுத்துனாங்க, மெத்தை, கேஸ் சிலிண்டர், அண்டா, தையல் மிசினு, பத்து ஊட்டுச் சாமானும் அந்த ஒடுக்கமான சந்துல வந்து குமிஞ்சுச்சு, ஊடால ஒறம்பரை வேற, அவன் தள்றான், ஏர்றான், இடறி உழுகறான், "அய்யோ பாத்துங்க"ன்னு தூக்கி உட்டு மறுபடியும் உழுக வெச்சாங்க. அவன் பச்சைக் கதவைத் தொடறப்ப அடுப்புல சோறு கொதிச்சு வழிஞ்சுக்கிட்டு இருந்துச்சு, பின்பக்கம் பொடக்காலிச் செவுத்துல ஈரக் காலு ஏறுன தடம் இருந்துச்சு, ஊட்டுல ஆரும் இல்ல.

போலீசுல எழுதிக் குடுத்தோம், அவனைப் புடிச்சு கேட்டுக்கு வெளிய உட்டோம். போகல. ஒறம்பரையோட ஒறம்பரையா அங்கியே நின்னான், மத்தியான வெயில்லயும் நின்னான், நாளைக்கு ஒரு தடவை தண்ணி கேட்டான், நானும் குடுத்தேன், தாகத்துக்குத் தண்ணி இல்லன்னு சொல்ல முடியல. எட்டாம் நாளு டம்ளரைத் திருப்பிக் குடுத்தான், தண்ணி ஒரு சொட்டுக் குறையல, டம்ளரு சுட்டுச்சு. குனிஞ்சு பாத்தேன், செருப்புல தூசி இல்ல. அதுக்கப்புறம் அந்தக் கூட்டத்துல அவன் ஆருன்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியல, எல்லாருமே அவனாட்டமும் இருந்தாங்க, ஆருமே அவனாட்டம் இல்லாமலும் இருந்தாங்க.

அவ எங்க போனான்னு எனக்குத் தெரியாது. தேடலாம், ஒரு பேரு, ஒரு ஊரு, ரெண்டே வெரல் வேலை. என்ற நாலு பேரும் தெனமும் என்ற கொரல்ல கேக்கறாங்க, "தவமணி எங்க இருக்கறாளோ, புள்ள சாப்புட்டுச்சோ"ன்னு, நான் மனசுக்குள்ள கேக்கறதையே வெளிய நின்னு கேக்கறாங்க. நான் தேடலீங்க. பண்டிகை வந்தாக் கூட அவ பேரை வாயால சொல்றதில்ல, அவ உசுரோட இருக்கறாளா இல்லையாங்கறது தெரியாமலே ஒம்பது மாசம் ஓட்டிட்டேன்.

போன வைகாசியில நாத்தனார் மகன் கல்யாணத்துக்குப் போறப்ப, கரூர் பஸ் ஸ்டாண்டுல மத்தியானம் ரெண்டு மணிக்கு ஜன்னலோரமா உக்காந்திருக்கறேன், மகன் கூப்புடுவான்னு போன் மடியில இருக்குது, பக்கத்து சீட்டுல வெள்ளைச் சட்டையில ஒருத்தர். வெளிய வெள்ளரிக்காய் வண்டிக்கிட்ட ஒரு பொம்பளை, முடிய ஒட்ட வெட்டியிருக்கறா, கண்ணாடி போட்டிருக்கறா, கழுத்தோட துணியச் சுத்தித் தாடைய மறைச்சிருக்கறா. புள்ளைக்கு உப்பு மொளகாப்பொடி தொட்டுக் குடுக்கறா. புள்ள ஒரு சாண் வளந்திருச்சு. உசுரோட இருக்கறாங்க! ரெண்டு பேருமே உசுரோட இருக்கறாங்கன்னு சீலைத் தலைப்புல கண்ணைத் தொடைச்சுத் தொடைச்சுப் பாத்தேன்.

புள்ளதான் மொதல்ல என்னையப் பாத்துச்சு. "பெரீம்..."ன்னு ஆரம்பிச்சுது, தவமணி கை சட்டுன்னு அது வாய் மேல உழுந்துச்சு. அப்புறம் அவ நிமுந்தா. அன்னிக்குப் பாத்த அதே கண்ணு. கிட்ட வந்துராதீங்கக்கான்னு கெஞ்சுதா, நீதான காட்டிக் குடுத்தவன்னு சொல்லுதா, என்னால கண்டுபுடிக்க முடியல. இறங்கி ஓடி அவ காலைக் கட்டிக்கிட்டு, "அம்மிணி, கொரல்தான் என்னுது, சொன்னது நானில்ல"ன்னு கத்தோணும் போல இருந்துச்சு. அதுவும் மெய்யா? அவனைத் தேடிப் போனது என்ற வெரலுதான? எதுவானாலும் சரி, திட்டட்டும், மூஞ்சியில துப்பட்டும், ஒரே ஒரு வார்த்தை அவகிட்டப் பேசிரோணும்னு கம்பியப் புடிச்சு எந்திரிச்சேன்.

பக்கத்து சீட்டுல இருந்தவரு மெதுவா என்ற தோள் மேல சாஞ்சு, ஜன்னல் வழியா எட்டிப் பாத்துக்கிட்டு, என்ற கொரல்லயே, நெம்பப் பாசமாக் கேட்டாரு, "ஆருங்க அது?"

நான் உக்காந்தேன். அந்த ரெண்டு மொகத்தையும் ஒருக்கா நல்லாப் பாத்துக்கிட்டேன்.

"ஆரோ. எனக்குத் தெரியாதவிய"ன்னு சொல்லிட்டு, மொகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டேன்.